தண்ணீருக்குள் ஒடிந்த இறக்கை

தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறிக்கு இறக்கை வடிவமைப்பது என் தொழில். இதில் கம்ப்யூட்டருக்குள் ஒடிந்தால் பாராட்டு, தண்ணீருக்குள் ஒடிந்தால் விசாரணை.

காற்றாலையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதையே சின்னதாக்கித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கடல் ஏறும்போதும் வற்றும்போதும் கழிமுகத்தில் தண்ணீர் ஓடும். அந்த ஓட்டம் விசிறியைச் சுற்றும், கரண்ட் வரும். ஆனால் காற்றைவிடத் தண்ணீர் பல நூறு மடங்கு கனம். விறைத்துக்கொண்டு நிற்கிற இறக்கை அதில் அதிக நாள் தாங்காது. அதனால் நாங்கள் செய்வது வளைகிற இறக்கை. ஓட்டம் வேகமெடுத்தால் அது வளைய வேண்டும், வளையும்போதே லேசாக ஒருக்களித்துத் தண்ணீருக்கு வழிவிட வேண்டும். சாயங்காலம் குர்லா ஸ்டேஷனில் எதிரே கூட்டம் வந்தால் நாம் தோளைத் திருப்பிக்கொள்கிறோமே, அதேதான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றால் கதை முடிந்தது.

செம்பூரில் ஒரு சின்ன கம்பெனி. மொத்தம் ஆறே பேர். இறக்கையைக் கம்ப்யூட்டரில் கட்டி, கம்ப்யூட்டரிலேயே தண்ணீரை ஓடவிட்டு, எங்கே ஒடியும் என்று பார்க்கிற ஆள் நான். பிறகு அதை நிஜமாகவே செய்யவைத்துச் சோதிப்பதும் நான்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நீங்கள் பாங்க்கில் இருக்கலாம், ஆஸ்பத்திரியில் இருக்கலாம். நீங்கள் கொடுத்த ஒரு தாளை நம்பி இன்னொருவர் வேலை செய்து, கடைசியில் தப்பு யாருடையது என்ற பேச்சு வந்திருந்தால், நீங்களும் என் கட்சிதான்.

கீழ் டேங்க்

நான் குடியிருப்பது சான்பாடாவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் தண்ணீர் நின்றுபோனது. பிளம்பர் போனை எடுக்கவில்லை. செக்ரட்டரி நேராக என் வீட்டு மணியை அடித்தார். பாலக்காட்டுக்காரர், ஒரு ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்த்து ரிட்டையர் ஆனவர், நிதானமான மனிதர். நான் படித்தது தண்ணீருக்குள் மோட்டார் ரிப்பேர் பார்ப்பது இல்லை, என் இறக்கை பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள்தான் சுற்றும் என்று கால் மணி நேரம் விளக்கினேன். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்.

கேட்டு முடித்ததும், விளக்கம் எல்லாம் ரொம்பப் பிரமாதம் என்றார். பிறகு பையிலிருந்து டார்ச்சை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ரெண்டும் தண்ணிக்குள்ள சுத்தற சமாசாரம்தானே. கீழ் டேங்க்கை ஒரு தடவை எட்டிப் பார்த்துடுங்கோ."

கொஞ்சம் மஞ்சள்

இறக்கையின் எந்த இடத்தில் பாரம் அதிகம் என்பதைக் கம்ப்யூட்டர் கலரில் காட்டும். நீலமும் பச்சையும் என்றால் பயமில்லை. சிவப்பு என்றால் அங்கேதான் ஒடியும். எங்கள் தலைவர் தேஷ்பாண்டே சாருக்குச் சிவப்பைக் கண்டாலே ஆகாது. எங்களுக்குப் பணம் கொடுக்கிற கமிட்டி வரப்போகிறது என்றால் அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார்.

அந்தக் கலருக்கான அளவுகோலை மாற்றினால் அதே சிவப்பு மஞ்சளாகிவிடும். இறக்கையில் எதுவும் மாறியிருக்காது, பார்க்கிறவர்களுக்கு நிம்மதி மட்டும் வரும். மாட்டேன் என்று சண்டை போட்டேன். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. என் மேஜையில் இருந்த வேர்க்கடலையில் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் பேசுவது இங்கிலீஷ், தமிழில் தருகிறேன்.

"பிளேடை மாத்த வேண்டாம், கலரை மாத்துங்க. கமிட்டிக்குக் கலர்தான் புரியும்."

மொட்டைத்தலைகளுக்கு நடுவில்

சோதனைக்கு மூன்று இறக்கை வேண்டியிருந்தது. பெரிய ஃபாக்டரிகளில் கேட்டால், மூன்றா என்று சிரித்தார்கள். கடைசியில் தாராவியில் மைதீன் பாய் கிடைத்தார். அப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்தவர், இவர் பிறந்ததே தாராவி. என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம், ஆனால் முதல் நாளே என்னைத் தங்கச்சியாக்கிவிட்டார். ஜவுளிக்கடையில் புடவை கட்டி நிற்கிற ஃபைபர் பொம்மைகள் செய்வது அவர் தொழில். பட்டறைக்குள் போனால் முப்பது மொட்டைத்தலைகள் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் இறக்கையும் அதே வேலைதான். குழிவான அச்சுக்குள் கண்ணாடி இழைத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ரெசின் தடவி, இறுக விடுவது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் அவர் ரெசின் கலக்க மாட்டார். கலந்துவிட்டால் அது இறுகத் தொடங்கிவிடும், தொழுகை முடியட்டும் என்று காத்திருக்காது. அந்த ஒரு விஷயத்திலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

அவருக்கு இந்த வேலை வெறும் மூன்று இறக்கை இல்லை. நம்பி வேலை கொடுக்கலாம் என்கிற பட்டறைகளின் லிஸ்ட் ஒன்று கமிட்டியிடம் உண்டு. எங்கள் இறக்கை கழிமுகத்தில் தாங்கினால் அவர் பெயர் அதில் ஏறும், பொம்மையை விட்டு மிஷின் வேலைக்குப் போகலாம். அதை நம்பி அந்த வருஷம் கணபதி பந்தல் அலங்கார ஆர்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்து ஷெட்டையும் வாடகைக்கு எடுத்துவிட்டார். இறக்கையைப் பற்றி என்னிடம் ஆயிரம் கேள்வி கேட்டார். எனக்கே சலிப்பு வந்து, பொம்மைக்கும் இத்தனை கேட்பீர்களா என்றேன்.

"பொம்மைக்கு இடுப்பு கோணிச்சுன்னா சேலையக் கட்டி மறைச்சிரலாம். இது தண்ணிக்குள்ள போறது தங்கச்சி, தெரியாதத கேட்டுட்டுத்தான் கைய வைப்பேன்."

வாஷி பாலத்தில்

அந்தத் துணிக்கு ஒரு திசை உண்டு. இழை நேராக ஓடாமல் கொஞ்சம் சாய்வாக ஓட வேண்டும். அந்தச் சாய்வுதான் வளையும்போது இறக்கையை ஒருக்களிக்க வைக்கிறது. எங்கள் மொத்த வித்தையும் அவ்வளவுதான். என் வரைபடத்தில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் அம்பு போட்டிருந்தேன், இந்தப் பக்கம் சாய்க்கவும் என்று.

ஒரு நாள் காலை ஆபீஸ் போகும்போது ரயில் வாஷி பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. உட்கார இடமில்லை. ஒரு அம்மாளின் மீன் கூடை என் காலில் இடித்துக்கொண்டே இருந்தது. மைதீன் பாயிடமிருந்து வாய்ஸ் மெசேஜ், காலையிலிருந்து நான்காவது. அவருக்குத் தமிழ் எழுத வராது, எல்லாம் குரல்தான். அச்சு குழியாக இருக்கிறது, நாங்கள் அதற்குள்ளே பார்த்துத் துணியை விரிக்கிறோம், உங்கள் அம்பு வெளியே நின்று பார்த்துப் போட்டதா, உள்ளே பார்த்துப் போட்டதா என்று கேட்டிருந்தார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. படத்தில் இருக்கிறபடியே போடுங்கள் பாய், எத்தனை தடவை சொல்வது என்று பதில் அனுப்பினேன். இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், குரல் அப்படி. செம்பூரில் இறங்குவதற்குள் அவர் பதில் வந்துவிட்டது.

"சரிங்க தங்கச்சி. படத்துல உள்ளபடியே போட்டுருதோம்."

அடித்த மைனஸ்

இறக்கைகள் வந்தன, வழவழவென்று. ஒன்றை இரும்புச் சட்டத்தில் பூட்டி, நுனியில் மணல் மூட்டை தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தோம். அளப்பது செல்வி. டிராம்பே பக்கம் சீத்தா கேம்ப் பெண், எங்கள் ஆபீஸில் நான் திட்டினால் திருப்பித் திட்டுகிற ஒரே ஆள். கம்ப்யூட்டர் சொன்ன எண்ணும் செல்வி அளந்த எண்ணும் அச்சு அசலாக ஒத்துப்போயின. இந்தத் தொழிலில் அப்படி நடப்பது லேசில் இல்லை. தேஷ்பாண்டே சார் ஆளை அனுப்பி ஜிலேபி வாங்கிவரச் சொன்னார்.

செல்வி மட்டும் ஜிலேபி பக்கம் வரவில்லை. திரும்புகிற அளவு சரி, ஆனால் முன்னால் மைனஸ் காட்டுகிறது என்றாள். அளவு மானியை மறுபக்கம் மாட்டியிருப்பாய், எண்ணைப் பார், குறியை விடு என்றேன். வாய் நிறைய ஜிலேபியோடு சொன்னேன் என்பது இன்று நினைத்தாலும் கூசுகிறது. எங்கள் சோதனை நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது என்பது சட்டம். தப்பு என்றால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டை என் முன்னால் நீட்டினாள்.

"மைனஸ்னு எழுதி அடிச்சிருக்கேன் மேடம். சைன் நீங்க போடுங்க."

போட்டேன்.

பூப்பை

டிராம்பே ஜெட்டியிலிருந்து படகில் கொஞ்ச தூரம் போனால் எங்கள் மிதவை. இரண்டு பக்கமும் டிரம், நடுவில் ஒரு குழாய், குழாயின் அடியில் தண்ணீருக்குள் விசிறி. படகுக்காரர் பாண்டு, கோலி மீனவர், அந்தக் கழிமுகத்தின் சேற்றையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். முதல் வாரம் ஓட்டம் மந்தமான நாட்கள். விசிறி சாதுவாகச் சுற்றியது. மூன்றாம் நாள் திடீரென்று நின்றது. தூக்கிப் பார்த்தால், வாஷி பாலத்தில் ரயிலிலிருந்து யாரோ எறிந்த சாமிப் பூப்பை, முடிச்சுகூட அவிழாமல் இறக்கையைச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே சாமந்தி, ஒரு தேங்காய் மூடி.

அன்றைக்குத்தான் பாண்டுவிடம், இந்த விசிறி மீன்களை வெட்டிவிடும் என்று உங்கள் ஆட்களுக்குப் பயம் உண்டா என்று கேட்டேன். பையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே ஹிந்தியில் பதில் சொன்னார். தமிழில் தருகிறேன்.

"மீனுக்கு விவரம் உண்டு மேடம், அது ஒதுங்கிப் போயிடும். இந்தப் பைக்கு யார் எடுத்துச் சொல்றது?"

பௌர்ணமிக்கு மறுநாள்

பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகமெடுக்கும். எங்கள் நிஜப் பரீட்சை அதுதான். இறக்கை ஒருக்களித்து வழிவிட வேண்டிய நாள். நானும் செல்வியும் மிதவையில் உட்கார்ந்து பாரத்தைக் காட்டுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓட்டம் ஏற ஏற எண் ஏறியது. ஓர் அளவுக்கு மேல் அது ஏறாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை. மிதவை ஒரு பக்கமாக இழுத்தது, குழாய் கடகடவென்று ஆடியது, பிறகு எண் ஒரேயடியாகக் கீழே விழுந்தது. பாண்டு எங்கள் இருவரையும் பிடித்துப் படகுக்குள் இழுத்துவிட்டார்.

ஓட்டம் தணிந்ததும் தூக்கினோம். ஒரு இறக்கை பாதியைக் காணோம். மற்ற இரண்டும் விரிசல், மூன்றும் ஒரே இடத்தில். மூன்று இறக்கைக்கும் ஒரே இடத்தில் கை தவறுமா என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. தேஷ்பாண்டே சாருக்குப் போன் போட்டு ஒடிந்துவிட்டது என்றேன். ஏன் ஒடிந்தது என்று அவர் கேட்கவில்லை.

"மூணும் அந்த தாராவி பொம்மைக் கடையில செஞ்சதுதானே?"

'கூடும்' என்று முடிந்த வரி

கமிட்டிக்கு ரிப்போர்ட் போக வேண்டும். எழுத வேண்டியது நான். என் கணக்கு சரி, மணல் மூட்டைச் சோதனையும் சரி. மிச்சம் இருப்பது பட்டறை. துணி அடுக்குகள் சரியாக ஒட்டாமல் போயிருக்கக்கூடும் என்று ஒரு வரி எழுதினேன். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை பாருங்கள், கூடும் என்றுதான் எழுதினேன். ஆபீஸில் வேலை பார்க்கிற உங்களுக்கு அந்தச் சொல்லின் அருமை தெரியும். அந்த ஒரு வரி போனால் மைதீன் பாயின் பெயர் லிஸ்டில் ஏறாது, இந்த வருஷம் மட்டுமில்லை, எந்த வருஷமும்.

அனுப்புவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டுச் சொல்வதுதான் மரியாதை என்று தோன்றியது. இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தது, அந்த வரியைத் தமிழில் சொன்னேன். டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். சண்டை போடுவார், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். ஒடிந்த இறக்கையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"எங்க கைல தப்புன்னா காட்டுங்க தங்கச்சி, ஒத்துக்கிடுதேன். காட்டாம மட்டும் எழுதிராதீங்க."

உலையில் வைத்த துண்டு

சரி, காட்டிவிடுவோம் என்று வீம்புக்குத்தான் ஆரம்பித்தேன். ஒடிந்த இறக்கையில் உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, மாட்டுங்காவில் ஒரு காலேஜ் லேபில் உலைக்குள் வைத்தோம். சூட்டில் ரெசின் எரிந்து போய்விடும், கண்ணாடித் துணி மட்டும் மிஞ்சும். பழைய பட்டுப்புடவை மடிப்பைப் பிரிக்கிற மாதிரி ஒவ்வோர் அடுக்காகப் பிரித்தேன். ஓர் அடுக்கு குறையவில்லை. ஒரு சுருக்கம் இல்லை. சாய்வைக் கோணமானியால் அளந்தேன். என் வரைபடத்தில் இருந்ததிலிருந்து இம்மிகூடப் பிசகவில்லை. இத்தனை சுத்தமான கைவேலையை நான் பார்த்ததே இல்லை.

அப்புறம்தான், எந்தப் பக்கத்தை மேலே வைத்து அளந்தேன் என்று பார்த்தேன். உள் பக்கம் மேலே இருந்தது. துண்டைத் திருப்பிப் போட்டேன், தண்ணீர் படுகிற வெளிப்பக்கம் மேலே வரும்படி. சாய்வு எதிர்ப்பக்கம் போனது. பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. கம்ப்யூட்டரில் நான் இறக்கையை வெளியே நின்றுதான் பார்க்கிறேன், அம்பையும் அப்படித்தான் போட்டேன். அவர்கள் அச்சுக்குள் பார்த்து, அதே அம்பை அப்படியே விரித்தார்கள். மொத்தமும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் மாறிவிட்டது. ஓட்டம் வந்தபோது இறக்கை வழிவிடவில்லை, நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

ஆபீஸுக்கு வந்து சாய்வைத் திருப்பிப் போட்டுக் கம்ப்யூட்டரை ஓட்டினேன். ஒடிந்த அதே இடத்தில் சிவப்பு. செல்வி பக்கத்தில் நின்று பார்த்தாள். சொல்லிக்காட்டுவாள் என்று நினைத்தேன். போய் சோதனை நோட்டைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாள்.

"அடிச்சதுதான் மேடம், அழிக்கல."

காரணம் தெரியவில்லை

வீட்டுக்குப் போகிற ரயிலில் அந்த வாய்ஸ் மெசேஜைத் தேடி எடுத்துக் கேட்டேன். அவர் கேள்வி அவ்வளவு தெளிவாக இருந்தது. ஒரு எஞ்சினியர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதற்கு அடுத்து என் குரல். என் குரலை நானே முழுதாகக் கேட்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன். வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் தேஷ்பாண்டே சாரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். அடுத்த கட்ட வேலைக்கு என்னைத் தலைமையாகப் போடுவதாகக் கமிட்டியிடம் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார், இது எனக்கும் தெரியும். இப்போது போய் தப்பு என் படத்தில்தான் என்றால் அது கைநழுவும். பட்டறை மேல் பழி போட வேண்டாம், அந்த வரியை எடுத்துவிடலாம், அதற்குப் பதிலாக வேறு ஒன்று எழுதலாம் என்று யோசனை சொன்னார். மனதுக்குள் நான் சரி என்று தலையாட்டிவிட்டேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. பத்து வருஷமாகக் காத்திருந்த பதவி. அதோடு அவர் சொன்ன வரி யாரையும் குத்தாத வரி.

"காரணம் உறுதியாகத் தெரியவில்லைன்னு எழுதுங்க. அதுல பொய் எதுவும் இல்லையே."

இரண்டு பேர்

இரண்டு நாள் அந்த வரியோடு சுற்றினேன். மூன்றாம் நாள் கால் தானாக தாராவிக்குப் போனது. பட்டறையில் வேலை நடக்கவில்லை. புது ஷெட் பூட்டிக் கிடந்தது. எங்கள் இறக்கைக்குத் துணி விரித்த இரண்டு பேர், ராஜாமணியும் அப்துலும், பேருக்குப் பொம்மைக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். கோபம் என்று நினைத்தேன். கோபமில்லை, பயம். நம் கையால்தான் பாய்க்கு இந்த நிலைமை வந்தது என்று ராஜாமணி ஒரு வாரமாக ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று மைதீன் பாய் சொன்னார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உலையில் வைத்தது, துண்டைத் திருப்பிப் போட்டது, அம்பு, தப்பு என்னுடையது. மன்னிப்பும் கேட்டேன். நான் எதிர்பார்த்த எதையும் அவர் கேட்கவில்லை. லிஸ்டைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. வாசல் பக்கம் பார்த்தார்.

"அப்ப அவுங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லிறலாமா, அவுங்க கைல தப்பு இல்லன்னு?"

மாடிப்படியில்

கமிட்டி மீட்டிங்கில் அந்த உலைத் துணியை மேஜை மேல் வைத்தேன். முதலில் உள் பக்கம், பிறகு திருப்பி வெளிப்பக்கம். கலர் படம் எதுவும் காட்டவில்லை. படம் போட்டவள் நான், பட்டறை சந்தேகம் கேட்டது, நான் பதில் சொல்லவில்லை, சோதனையில் மைனஸ் வந்தது, அதை அடித்துக் கையெழுத்துப் போட்டதும் நான் என்றேன். ஒருவர், இதை நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காதே என்றார். அடுத்த இறக்கையையும் இதே படத்தை வைத்துத்தான் செய்வோம், அதுவும் ஒடியும் என்றேன். மைதீன் பாயின் பெயரை லிஸ்டில் சேர்க்கச் சொல்லிக் குறித்துக்கொண்டார்கள். இரண்டாவது செட் இறக்கையும் அங்கேயே செய்வது என்று முடிவானது.

வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது என்று எழுத ஆசைதான். நிஜத்தில் உலைத் துணியை மேஜை மேலேயே மறந்துவிட்டு, திரும்பப் போய் எடுத்துவந்தேன். தேஷ்பாண்டே சார் மாடிப்படியில் என்னோடு இறங்கினார்.

"நீங்க செஞ்சது சரி. ஆனா தலைமைக்கு நான் வேற ஆளைத்தான் போட முடியும், தெரியுமில்ல?"

ஜெட்டியில்

இரண்டாவது செட்டுக்கு அம்புகளை நானே போய் அச்சின் மேலேயே வரைந்தேன். குழிக்குள் தலையை விட்டு, ரெசின் நாற்றத்தில் கண்ணெரிய, ஒவ்வோர் அம்பாக. பிறகு மூன்று பேரையும் கேள்வி கேட்கச் சொன்னேன். ராஜாமணி ஏழு கேள்வி கேட்டார், அதில் ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். மணல் மூட்டைச் சோதனையில் செல்வி பிளஸ் என்று எழுதி அடியில் கோடு போட்டாள், அடிப்பதற்கு இல்லை, அழுத்துவதற்கு.

அடுத்த பௌர்ணமி ஓட்டத்துக்கு மைதீன் பாயும் டிராம்பே ஜெட்டிக்கு வந்தார். அவர் செய்த சாமான் தண்ணீருக்குள் போவதை முதல் தடவையாகப் பார்க்கிறார். எண் ஏறியது, ஏறியது, ஓர் இடத்தில் நின்றது. நின்றே இருந்தது. இறக்கை வழிவிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு இப்போது மேலதிகாரியாக வந்திருக்கும் புது ஆள் என்னோடு கை குலுக்கினார், நானும் குலுக்கினேன், அதில் கொஞ்சம் வலி இருந்தது, இருக்கட்டும்.

ஓட்டம் தணிந்த பிறகு ஜெட்டிக் கல்லில் உட்கார்ந்து வடாபாவ் சாப்பிட்டோம். இத்தனை நாளாக என் மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு இஸ்திரிச் சட்டையோடு என் முன்னால் உட்கார்ந்திருந்தீர்களே, அந்த மெசேஜை எடுத்துப் போட்டிருந்தால் ஒரே நிமிஷத்தில் முடிந்திருக்கும், ஏன் போடவில்லை? என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்றா? அவர் இல்லை என்று தலையாட்டினார். சிரிக்கவும் இல்லை, குறையாகவும் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"நீங்க அப்படிச் சொன்னதும் நாமதான் கூமுட்டத்தனமா கேட்டுட்டோம்னு நெனச்சேன். வெக்கமா இருந்துச்சு தங்கச்சி, எம் போன்ல அன்னைக்கே அழிச்சுட்டேன்."

இத்தனை வருஷத்தில் கம்ப்யூட்டர் என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை, அதனால் இப்போதெல்லாம் நான் அதைத்தான் அதிகம் சந்தேகப்படுகிறேன்.